வீட்டு போர்ட்ரெய்ட்டுக்கு எந்த ஃபிளாஷ்? மதுரை வீடுகளில் கோடாக்ஸ் ஏடி200 ப்ரோவும் டிடி600-ம்

வீட்டுக்குள் போர்ட்ரெய்ட் எடுக்க ஃபிளாஷ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எவ்வளவு பவர்?" என்றுதான். நான் வேலை செய்வது மதுரை வீடுகளில். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால், தாழ்வான கூரை, அதில் சுற்றுகிற ஃபேன், ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் கட்டில். இங்கே ஒரு ஃபிளாஷை எவ்வளவு கூட்டலாம் என்பதைவிட எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். கோடாக்ஸ் கம்பெனியின் ஏடி200 ப்ரோ ஃபிளாஷ் ஒன்று, அதைவிடச் சின்ன டிடி600 ஃபிளாஷ் இரண்டு, கேமராவிலிருந்தே இவற்றை அடிக்க வைக்கிற எக்ஸ்2டி ட்ரிகர் ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்குகிற வெள்ளைக் குடை ஒன்று. இப்போது என் பையில் இருப்பவை இவைதான். இவற்றை அந்தக் கணக்கில்தான் இங்கே எடை போடுகிறேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிட்டால் மற்றது புரியும். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண், பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தை, திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் முடித்துத் திரும்பிய அப்பா அம்மா, படியிறங்க முடியாத அப்பத்தா. இவர்களை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்ல முடியாது. அவரவர் வீட்டில், அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து எடுத்தால்தான் அந்த முகமும் வரும். திருநகர், விளாங்குடி, அனுப்பானடி என்று ஊருக்குள்ளும், சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி என்று வெளியேயும் போவேன். பெண் என்பதால் அடுப்படி வரை உள்ளே விடுவார்கள். அது எனக்குப் பெரிய வசதி. போவது ஸ்கூட்டரில். அக்கா மகன் பின்னால் ஸ்டாண்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஸ்கூட்டரில் ஏறாத லைட் எவ்வளவு நல்ல லைட்டாக இருந்தாலும் எனக்கு உதவாது.

நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் எல்லாமே கரண்டில் ஓடும் பெரிய லைட்டுகள். அவற்றின் வெளிச்சத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கு சுவருக்குள் நிரந்தரமாக நிற்க வைக்க இன்றைக்கும் அவைதான் சௌகரியம். வீட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் பாடு. பிளக் பாயிண்ட் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் ஹாலின் குறுக்கே கிடக்கும், தவழுகிற பிள்ளை அதைப் பிடித்து இழுக்கும். கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் லைட் சார்ஜ் ஏறுவதற்குள் அப்பத்தா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள சந்துகளில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய, ஒடுக்கமான நீள வீடுகள் உண்டு. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் வாசலிலிருந்தும் நடு முற்றத்திலிருந்தும் வந்தால்தான் உண்டு. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பையோடு நடக்க வேண்டும். அந்த வீடுகளுக்காகவே பேட்டரி ஃபிளாஷுக்கு மாறினேன்.

ஏடி200 ப்ரோ ஒரு கையில் அடங்குகிற நீளப் பெட்டி. பவர் 200 வாட் செகண்டு, அதாவது ஒருமுறை அடிக்கும்போது கொட்டுகிற சக்தியின் அளவு. கேமராவின் தலையில் மாட்டுகிற கோடாக்ஸ் வி1 76 வாட் செகண்டு என்பதோடு வைத்துப் பார்த்தால் ஒரு ஸ்டாப்புக்கு மேல், ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). உள்ளே 2900 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி. முழு பவரில் 500 முறை அடிக்கும், அடித்தபின் 1.8 வினாடிக்குள் மறுபடி தயாராகிவிடும் என்பது கம்பெனி தருகிற கணக்கு. நான் முழு பவரைத் தொடுவதே அபூர்வம் என்பதால் காலையில் போட்ட பேட்டரி சாயங்காலம் வரை தாராளமாக வருகிறது. மிச்சம் எவ்வளவு என்று திரையிலேயே தெரியும் என்பதால் பயமும் இல்லை.

இதற்கு இரண்டு தலை கொடுக்கிறார்கள். ஒன்று சாதாரண ஃபிளாஷ் போலத் தட்டையான ஃப்ரெனெல் தலை. இன்னொன்று கண்ணாடி பல்பு வெளியே தெரிகிற பேர் பல்பு தலை. வீட்டு வேலையில் எனக்குப் பேர் பல்புதான் உயிர். ஃப்ரெனெல் தலை வெளிச்சத்தை முன்னோக்கி மட்டும் தள்ளும். குடையின் நடுவில் பளீரென்றும் ஓரங்களில் மங்கலாகவும் விழும். பேர் பல்பு எல்லாத் திசையிலும் பரவுவதால் குடையோ சாஃப்ட்பாக்ஸோ ஓரம் வரை நிறைகிறது. அந்த வித்தியாசம் கன்னத்தில் நிழல் மாறுகிற இடத்தில் தெரியும்: ஒரு கோடு போட்டாற்போல் வெட்டிக்கொண்டு போகாமல் மெதுவாகக் கரையும். பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது, மூடி போட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். அக்கா மகனிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரே விஷயம் அதுதான்.

இப்போது அந்தக் குறைக்கிற கணக்குக்கு வருகிறேன். ஸ்டுடியோவில் ஐஎஸ்ஓ (கேமராவின் உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்8 (எண் கூடினால் துவாரம் சின்னது) என்று வைத்து அறையின் வெளிச்சத்தை முழுக்கக் கொன்றுவிட்டு ஃபிளாஷை மட்டும் வைத்து எடுக்கலாம். வீட்டில் அப்படி எடுத்தால் வீடு செத்துப்போகும். முற்றத்திலிருந்து வருகிற வெளிச்சம், ஜன்னல் கம்பியின் நிழல், சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கு எல்லாம் இருட்டுக்குள் போய்விடும். அப்புறம் அவர் வீட்டுக்கு நாம் ஏன் போனோம்? அதனால் ஐஎஸ்ஓ 400, எஃப்4 என்பதுதான் என் தொடக்கம். குடை முகத்திலிருந்து நான்கு அடி தள்ளி இருந்தால், இந்தக் கணக்குக்கு டிடி600 ஏறக்குறைய முழு பவரில் 1/32 பங்கிலோ 1/64 பங்கிலோ நிற்கும். அதைவிடப் பெரிய ஏடி200 ப்ரோவை 1/128 வரை இறக்க வேண்டியிருக்கும். பின்னணி கலங்கலாக வேண்டும் என்று எஃப்2.8-க்குப் போனால் இன்னும் ஒரு படி கீழே. ப்ரோவில் 1/256 வரை இறங்க வழி இருக்கிறது. பழைய ஏடி200, 1/128-ஓடு நின்றுவிடும். பேப்பரில் பார்த்தால் ஒரே ஒரு ஸ்டாப் வித்தியாசம். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் லைட்டைப் பின்னால் நகர்த்த இடமில்லாத ஹாலில் வேலையே அந்த ஒரு ஸ்டாப்பில்தான் நடக்கிறது. செகண்ட் ஹேண்டில் பழையது மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மண்டபத்துக்கும் வெளிப்புறத்துக்கும் வாங்குங்கள், சின்ன வீட்டுக்கு என்றால் ப்ரோவுக்குக் காத்திருங்கள்.

அறையின் வெளிச்சத்தை ஷட்டர் ஸ்பீடு பார்த்துக்கொள்ளும். என் கேமராவில் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு சேர்ந்து ஓடக்கூடிய உச்ச ஷட்டர் வேகம், 1/200. அங்கிருந்து 1/60 வரை இறக்கினால் அறை மெல்ல மெல்லப் பிரகாசமாகும், முகத்தில் விழும் ஃபிளாஷ் மாறாது. ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் ஷட்டர் அதற்குமேல் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பூஜை அறையில் குத்துவிளக்கு ஏற்றுகிற பெண்ணை எடுக்கும்போது 1/30 வரைகூட இறங்குவேன், ஐஎஸ்ஓ 800. அப்போதுதான் சுடரின் மஞ்சள் அவள் விரலிலும் முந்தானையிலும் விழுவது பதிவாகும். ஃபிளாஷில் பாதி அடர்த்தியுள்ள ஆரஞ்சு ஜெல் ஒட்டி, ஆகக் குறைந்த பவரில், விளக்கு இருக்கிற பக்கத்திலிருந்தே முகத்துக்குக் கொஞ்சம் தொட்டுவிடுவேன். ஜெல் இல்லாமல் அடித்தால் முகம் வெள்ளையாகவும் கை மஞ்சளாகவும் இரண்டு பேருடையது போல் வரும். ஜெல் ஒரு சின்னத் தாள்தான். பையில் அது இல்லாமல் பூஜை அறைக்குள் போகாதீர்கள்.

ஃபேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்த வெளிநாட்டு வீடியோவிலும் சொல்வதில்லை. ஃபிளாஷைக் கூரையில் அடித்துப் பவுன்ஸ் செய் என்பது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். இங்கே கூரையின் நடுவில் ஃபேன் சுற்றுகிறது. பங்குனி சித்திரையில் அதை நிறுத்தினால் இரண்டே நிமிடத்தில் வேர்த்து, பவுடர் கரைந்து, குழந்தை அழ ஆரம்பித்துவிடும். ஓடுகிற ஃபேனின் இறக்கை ஒரு படத்தில் வெளிச்சத்தை மறைக்கும், அடுத்த படத்தில் விலகி நிற்கும். ஒரே செட்டிங்கில் ஒரு படம் மங்கல், ஒரு படம் பளிச். கூரையில் இறக்கையின் நிழல் உறைந்து நிற்பதும் உண்டு. அதனால் கூரையை மறந்துவிட்டு, பக்கவாட்டில் குடை வைத்து எடுப்பதுதான் நம் வீடுகளுக்குச் சரி. குடை வைத்தால் ஃபேன் காற்று அதைத் தள்ளும். ஸ்டாண்டின் கீழ்க் குறுக்கில் அந்த வீட்டு அரிசிப் பை ஒன்றையே கேட்டு வாங்கித் தொங்கவிட்டுவிடுவேன். மணல் மூட்டை வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை.

கூரையை விட்டுச் சுவரில் பவுன்ஸ் செய்யலாமே என்றால், சுவர் வெள்ளையாக இருந்தால்தானே. நான் போகிற வீடுகளில் கிளிப்பச்சை, பஞ்சுமிட்டாய் ரோஸ், கடல் நீலம், ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொன்று. அந்தச் சுவர்கள் எனக்குப் பிடிக்கும். பின்னணியாக அவை இருக்கும்போது படத்துக்கு ஓர் ஊர் கிடைக்கிறது. வெளிச்சத்தை மட்டும் அவற்றின் மேல் அடிக்கக் கூடாது. கிளிப்பச்சையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மாநிற முகத்தில் விழுந்தால் காமாலை வந்தாற்போல் இருக்கும், கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் முழுதாகப் போகாது. இதற்கு அவர்கள் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: ஓர் எட்டு முழ வேட்டி. கொடியில் தொங்கவிட்டு அதில் பவுன்ஸ் செய்தால் கடையில் விற்கிற எந்த ரிஃப்ளெக்டருக்கும் குறைந்ததில்லை. ஒற்றையாக விரித்து அதன் வழியாகவே வெளிச்சத்தை விட்டால் ஜன்னலே இல்லாத மகால் சந்து வீட்டில் பெரிய ஜன்னல் திறந்தது போல் இருக்கும். நீலம் அதிகம் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம், முகத்தில் குளிர்ச்சி ஏறும். நிழல் பக்கத்தைத் தூக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். அது எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும்.

ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500 கெல்வின் கூல் டே லைட் எல்இடி. ஏடி200 ப்ரோவின் வெளிச்சம் 5600 கெல்வின் பக்கம். இரண்டும் கலந்தால் நிழல் பக்கம் நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். அணைக்கச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்குச் சங்கடமாக இருக்கும். "இருட்டுல எப்படித் தாயி எடுப்ப?" என்று சோழவந்தானில் ஒரு அப்பத்தா பதறிப்போய்க் கேட்டார். ஒரு படம் எடுத்துப் பின்திரையில் காட்டினால் அப்புறம் கேட்க மாட்டார்கள்.

இனி நான் ரொம்ப மனதோடு சொல்ல விரும்புகிற விஷயம். நான் எடுக்கிற முகங்கள் கறுப்பு, மாநிறம், நல்ல கறுப்பு. இந்த நிறத்துக்கு வெளிச்சம் வைப்பது தனிக் கலை, அதைப் பெரும்பாலான ஃபிளாஷ் பாடங்கள் தொடுவதே இல்லை. கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடக் அனுப்பிய அளவுப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் நம் ஊர் ஆல்பங்களில் இருக்கிறது: கறுப்பு முகமா, எக்ஸ்போஷரைக் கூட்டு, எடிட்டிங்கில் வெளுக்க வை. "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பண்ணுங்கக்கா" என்று மணப்பெண்ணே கேட்கிற நிலைமை அதனால்தான். நான் செய்து கொடுப்பதில்லை. அதற்குப் பதில் வெளிச்சத்தை ஒழுங்காக வைக்கிறேன்.

வெளிர் தோல் தன் மேல் விழும் வெளிச்சத்தைப் பரவலாகத் திருப்பிக் கொடுக்கும். கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது மினுப்பு. கன்ன எலும்பின் மேல், மூக்குத் தண்டில், நெற்றியில் வெளிச்சம் பிரதிபலிக்கிற பரப்புதான் அந்த முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. கேமராவின் மேல் மாட்டி நேராக அடிக்கிற சின்ன ஃபிளாஷில் அந்தப் பிரதிபலிப்பு நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கிவிடும்; எண்ணெய் வடிகிறது என்று பவுடரை அப்புவார்கள். அதே முகத்துக்குப் பக்கவாட்டில், 45 டிகிரியில், 43 இன்ச் குடையைக் கிட்டே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளி விரிந்து கன்னம் முழுக்க ஒரு மெல்லிய பளபளப்பாக மாறும். பவுடர் வேண்டாம், எக்ஸ்போஷர் கூட்டவும் வேண்டாம். நிறம் அதன் நிறமாகவே இருக்கும், முகம் மட்டும் எழுந்து நிற்கும். குடை பெரிதாக, கிட்டே இருக்க வேண்டும். கிட்டே இருக்க வேண்டுமானால் பவர் குறைய வேண்டும். நான் 1/256-ஐப் பற்றி இவ்வளவு பேசியது இதற்காகத்தான்.

இரண்டாவது ஃபிளாஷ் முகத்துக்கு வேண்டியதில்லை. கறுத்த கூந்தல், பின்னால் நிழலில் இருக்கிற சுவர், இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கத்தான் அது. ஒரு டிடி600-ஐ நாற்காலிக்குப் பின்னால் தரையில் வைத்துச் சுவரை நோக்கி 1/128-இல் திருப்பினால் போதும். தலையின் விளிம்பு பிரிந்து தெரியும்.

மல்லிகைப் பூ இன்னொரு பரீட்சை. வளைகாப்புப் பெண் தலை நிறைய மல்லி வைத்திருப்பாள், மதுரையில் கேட்கவா வேண்டும். மொட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், வெள்ளைத் திட்டாக வெடிக்கக் கூடாது. அதனால் எக்ஸ்போஷரை முகத்துக்கு வைத்துவிட்டு, பூ இருக்கிற பக்கத்திலிருந்து குடையைத் தள்ளி வைப்பேன். டிடிஎல், அதாவது கேமராவே ஃபிளாஷ் பவரைக் கணக்கிடுகிற முறை, இந்த இடத்தில் நம்பத்தகுந்ததல்ல. அப்பாவின் வெள்ளை வேட்டி சட்டை ஃப்ரேமில் கூடினால் குறைத்துவிடும், கறுத்த பின்னணி கூடினால் ஏற்றிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற மனிதருக்கு மேனுவல்தான் சரி. ஒருமுறை வைத்தால் அசையாது. பட்டுச் சேலைக்குக் குடையைப் பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் இழுத்தால் நெசவு தெரியும். சுங்குடிச் சேலைக்கு எதுவுமே செய்ய வேண்டாம். பருத்தி என்பதால் வெளிச்சத்தை உள்வாங்கிக்கொண்டு அந்தப் புள்ளிகளை அழகாகக் காட்டும்.

டிடி600-க்கு வருவோம். ஓர் ஏடி200 ப்ரோவின் விலையில் நான்கைந்து டிடி600 வாங்கலாம். டிடிஎல் கிடையாது, மேனுவல் மட்டும். நான்கு பென்சில் செல்லில் ஓடும். முழு பவரில் அடித்தால் அடுத்ததற்கு 2.6 வினாடி காத்திருக்க வேண்டும்; ஆனால் 1/32-இல் காத்திருப்பே தெரியாது. கடையில் கிடைக்கிற ஒருமுறை செல்லைப் போடாதீர்கள். எனலூப் மாதிரியான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல் சீக்கிரம் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கும், பல வருஷம் உழைக்கும். கோடாக்ஸ் ட்ரிகரின் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதால் பவரைக் கேமராவிலிருந்தே மாற்றலாம். கூடவே, தலையைத் திருப்பலாம், சாய்க்கலாம். ஏடி200 ப்ரோவில் அது முடியாது. தலை நேராகத்தான் பார்க்கும். ஸ்டாண்டில் சாய்த்து வைக்கத் தனியாக எஸ்2 மாதிரி ஒரு பிராக்கெட் வாங்க வேண்டும். முதன்முதலாக ஃபிளாஷ் வாங்குகிறவர், வீட்டுக்குள் ஒருவரையோ இருவரையோ மட்டும் எடுக்கிறவர், டிடி600 ஒன்றும் எக்ஸ்2டியும் குடையும் வாங்கினால் வேலை நடக்கும். நான் மேலே சொன்ன படங்களில் முக்கால்வாசி அதிலேயே வரும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடன் வாங்கிப் பெரிய லைட் வாங்குகிற தம்பி தங்கைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

எக்ஸ்2டி வாங்கும்போது உங்கள் கேமரா கம்பெனிக்கு உரியதைப் பார்த்து வாங்குங்கள். ஃபிளாஷ் எந்த கேமராவோடும் பேசும், ட்ரிகர்தான் கம்பெனிக்கு ஏற்ப மாறும். விசேஷ வீட்டுக்குப் போனால் சேனலை மாற்றிக்கொள்ளுங்கள். கோடாக்ஸ் இப்போது எல்லோர் கையிலும் இருப்பதால், பக்கத்தில் எடுக்கிறவர் பட்டனை அழுத்தினால் உங்கள் ஃபிளாஷ் அடிக்கும்.

அப்படியானால் ஏடி200 ப்ரோ எதற்கு? மொட்டை மாடிக்கு. வெளியே எடுத்தால்தான் திருப்தி என்பவர்கள் உண்டு, மார்கழி காலை என்றால் நானும் சந்தோஷமாக ஏறுவேன். மதுரையில் மற்ற மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டெரிக்கும். ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப்11 என்று வைத்தால் வெயிலும் வானமும் அடங்கும். முகத்துக்கு அந்த எஃப்11 அளவு ஃபிளாஷ் வேண்டும். டிடி600-ஐக் குடையில் வைத்தால் முழு பவரை ஒட்டி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சூடாகித் திணறும். ஏடி200 ப்ரோ பாதி பவரில் அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும். எஃப்2.8-இல் வெளியே எடுக்க வேண்டும் என்றால், சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்க விடுகிற ஹை ஸ்பீடு சிங்க் இருக்கிறது, 1/8000 வரை. அதில் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் பவர் போய்விடும். அந்த இழப்பைத் தாங்கவும் 200 வாட் செகண்டு வேண்டும்.

ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளாஷுக்கு யோசிக்காமல் செலவு செய்துவிட்டு ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மலிவாக ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். வளைகாப்பு வீட்டில் நடுக் குமிழின் மரை தேய்ந்து குடை மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. அக்கா மகன் முழு நேரமும் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். வாங்கிய கடையில், பில் இருந்தும் மாற்றித்தர முடியாது என்றார்கள். கர்ப்பிணியின் தலைக்கு மேல் நிற்கிற பொருள் அது. காற்றுக் குஷன் உள்ள, கால் அகலமாக விரிகிற ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். குமிழைக் கடையிலேயே இறுக்கி, தொங்கிப் பார்த்து வாங்கினாலும் தப்பில்லை.

இப்போதெல்லாம் எல்இடி லைட் வந்துவிட்டதே, கண்ணால் பார்த்துக்கொண்டே எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். வீடியோவுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படத்துக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, ஃபிளாஷ்தான் இதமானது. எல்இடியில் ஃபிளாஷ் அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் நான்கு அடியில் கண் கூசும்படி வைத்து எரிய விட வேண்டும். அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொள்வார், கண்மணியும் சின்னதாகிவிடும். ஃபிளாஷ் என்றால் மங்கலான அறையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், கண் அகலத் திறந்திருக்கும், வெளிச்சம் வந்து போவதற்குள் படம் முடிந்திருக்கும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. நான் எடுக்கிற தாத்தா பாட்டிகள் பலருக்குப் புரை ஆபரேஷன் ஆகி உள்ளே லென்ஸ் வைத்திருக்கும். வெளிச்சம் நேருக்கு நேர் வந்தால் அந்த லென்ஸ் சில நேரம் மினுங்கும். குடையைப் பக்கவாட்டில் ஓரடி நகர்த்தினால் போய்விடும். கண்ணாடி போட்டவர்களுக்கும் அதே வைத்தியம், கூடவே குடையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த தாத்தா கண்ணாடி போட்ட தாத்தாதான்.

பிறந்த குழந்தைக்கு ஃபிளாஷ் அடிக்கலாமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். நேராக முகத்தில் நான் அடிப்பதே இல்லை. வேட்டியில் பவுன்ஸ், ஆகக் குறைந்த பவர், முதலில் குழந்தை இல்லாமல் அம்மாவின் கையை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டுவேன். அதற்குப் பிறகும் வீட்டுப் பெரியவர்களுக்கு மனமில்லை என்றால் பையை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவேன். அதில் வாதாடுவதில்லை.

கடைசியாக, மூன்று தலைமுறைப் படம். எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்புகிற நேரத்தில், "எல்லாரும் சேர்ந்து ஒண்ணு" என்பார்கள். அதற்குள் மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டு அத்தை எல்லோரும் வந்து நின்றிருப்பார்கள். நான்கு அடியில் குடை வைத்தால் ஓரத்தில் நிற்பவருக்கு வெள்ளை, மறு ஓரத்தில் இருப்பவருக்கு இருட்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும் என்கிற விதி இந்த இடத்தில் நமக்கு உதவும்: லைட் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, வரிசையின் இரு முனைகளுக்கும் கிடைக்கிற வெளிச்சம் அவ்வளவு சமமாகும். ஏடி200 ப்ரோவை வாசல் திண்ணை வரை, பத்தடி பின்னால் கொண்டுபோய், கேமராவுக்குப் பின்னால் உயரத்தில் நிறுத்தி, பின்வரிசையும் தெளிவாக இருக்க எஃப்8 வைத்தால் பவர் 1/4-க்குப் பக்கம் ஏறும். நாள் முழுக்க 1/128-இல் இருந்த பெட்டி இங்கேதான் தன் பலத்தைக் காட்டும், டிடி600 இங்கே முழு பவரை ஒட்டி ஓடித் திணறும். இந்தப் படத்துக்கு 43 இன்ச் குடை கொஞ்சம் சின்னது. இரண்டாவது ஏடி200 வாங்கப் பணம் சேர்க்கிறவர்கள் அதற்கு முன்னால் 60 இன்ச் குடை ஒன்றை வாங்கிப் பாருங்கள். விலை அதில் சின்ன பங்குதான், ஸ்கூட்டரிலும் ஏறும். நான் அடுத்து வாங்கப்போவது அதைத்தான்.